கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் ஆர்எஃப்: கண்டுபிடிப்பதும் சோக் போட்டுத் தடுப்பதும்

அமெச்சூர் ரேடியோவுக்குப் புதிதாகக் கட்டிய 40 மீட்டர் பேண்ட் (7 மெகாஹெர்ட்ஸ்) டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் இரண்டு கைக் கம்பி ஆன்டெனா. எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.2 காட்டுகிறது. ஆனால் மைக்கை வாயருகே கொண்டுபோனால் உதட்டில் சுரீர் என்கிறது. எதிர்முனையில் இருப்பவர் உங்கள் குரல் கரகரக்கிறது என்கிறார். எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழி டிஜிட்டல் முறை) அனுப்ப ஆரம்பித்த மறுநொடி கம்ப்யூட்டரின் யுஎஸ்பி அறுந்துபோகிறது. வீட்டில் யாராவது எல்இடி விளக்கைப் போட்டால் ரிசீவரில் இரைச்சல் இரண்டு எஸ் யூனிட் (ரிசீவரின் சிக்னல் மீட்டர் அளவு) ஏறுகிறது. இவை தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரியும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கேபிளுக்குள் மட்டும் ஓட வேண்டிய ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசைக் கரண்ட்), கேபிளின் வெளிப்புறத்திலும் ஓடுகிறது. இதற்குக் காமன் மோட் கரண்ட் என்று பெயர்.

எஸ்டபிள்யூஆர் நன்றாக இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். எஸ்டபிள்யூஆர் மீட்டர் கேபிளுக்கு உள்ளே நடப்பதை மட்டுமே பார்க்கிறது. வெளிப்புறக் கரண்டைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

கேபிளில் இருப்பது மூன்று கம்பி

கோஆக்ஸில் நடுக்கம்பி ஒன்று, அதைச் சுற்றிய உலோகப் பின்னல் ஒன்று, ஆக இரண்டு கடத்திகள் என்றுதான் பார்வைக்குத் தெரியும். டிசிக்கு அது சரி. ஆர்எஃப்பில் கரண்ட் உலோகத்தின் மேல்தோலில் மட்டுமே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் செம்பில் அந்தத் தோலின் ஆழம் சுமார் 0.025 மில்லிமீட்டர். அதனால் பின்னலின் உட்பரப்பும் வெளிப்பரப்பும் ஒன்றையொன்று அறியாத இரண்டு தனிக் கடத்திகளாக ஆகிவிடுகின்றன. நடுக்கம்பியில் போகும் கரண்டும் பின்னலின் உட்பரப்பில் திரும்பும் கரண்டும் சமம், எதிர்த்திசை. அதனால் கேபிளின் உள்பகுதி கதிர்வீசுவதில்லை.

சிக்கல் டைபோலின் நடுவில், கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில் ஆரம்பிக்கிறது. நடுக்கம்பியிலிருந்து வரும் கரண்டுக்கு ஒரே வழிதான், டைபோலின் ஒரு கை. பின்னலின் உட்பரப்பில் வரும் கரண்டுக்கோ இரண்டு வழி: டைபோலின் மறு கை, அல்லது அதே பின்னலின் வெளிப்பரப்பு வழியாகக் கீழே உங்கள் அறைக்கு. எந்த வழியில் தடை குறைவோ அந்த வழியில் அதிகம் போகும். வெளிப்பரப்பின் தடை எவ்வளவு என்பதைக் கேபிள் நீளமும் கீழே அது எர்த்தோடு எப்படிச் சேர்கிறது என்பதும் தீர்மானிக்கின்றன.

ஒரு கணக்குப் பாருங்கள். ஆன்டெனா மொட்டை மாடியில், ரேடியோ முதல் மாடி அறையில். கேபிள் 13 மீட்டர், ரேடியோவிலிருந்து எர்த் கம்பி 8 மீட்டர். மொத்தம் 21 மீட்டர். 7.1 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சுமார் 21 மீட்டர். ஒரு முனை தரையில் சேர்ந்த அரை அலைநீளக் கம்பி மறுமுனையிலும் குறைந்த தடையைத்தான் காட்டும். அதாவது டைபோலின் நடுவிலிருந்து பார்த்தால் கேபிளின் வெளிப்பரப்பு மூன்றாவது கை போல ஆர்எஃப்பை உறிஞ்சும். மொத்த நீளம் கால் அலையாக, 10.5 மீட்டராக இருந்தால் அதே இடத்தில் தடை மிக அதிகம், தொல்லையும் குறைவு. நீளத்தை மாற்றியே சரிசெய்துவிடலாமே என்று தோன்றும். ஒரு பேண்டில் சரியாகும், அடுத்த பேண்டில் மறுபடி கெடும். இந்தக் கணக்கில் கேபிளின் வெலாசிட்டி ஃபாக்டரான (ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கில் அலை போகும் என்பது) 0.66-ஐப் போடக் கூடாது. அது கேபிளுக்கு உள்ளே போகும் அலைக்கு. வெளிப்பரப்புக் கரண்ட் காற்றில் தொங்கும் கம்பியில் ஓடுவதுபோலத்தான் ஓடுகிறது. பிவிசி உறையால் கொஞ்சம் மட்டும் வேகம் குறையும்.

இரைச்சலுக்கும் இதே பாதைதான், திசை மட்டும் எதிர். வீட்டிலுள்ள மொபைல் சார்ஜர், எல்இடி டிரைவர், சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் தங்கள் குப்பையை மின்வயர்கள் வழியே ரேடியோவின் உடலுக்கும், அங்கிருந்து பின்னலின் வெளிப்பரப்புக்கும் ஏற்றுகின்றன. அது டைபோலின் நடுப்புள்ளி வரை ஏறி, அங்கே கேபிளுக்குள் நுழைந்து, சிக்னலோடு சேர்ந்து ரிசீவருக்கு வருகிறது. ஆகவே 5 வாட்டில் பேசுபவருக்கும் இந்த வேலை தேவை.

முதலில் இருக்கிறதா என்று பாருங்கள்

சோக் (வெளிப்பரப்புக் கரண்டைத் தடுக்கும் சுருள்) வாங்குவதற்கு முன் மூன்று சோதனைகள்.

1. ஆன்டெனா அனலைசரைக் கேபிளின் அறை முனையில் மாட்டி எஸ்டபிள்யூஆரைப் பாருங்கள். இன்னொருவர் கேபிளை வெவ்வேறு இடத்தில் இறுகப் பிடிக்கட்டும். எண் ஆடினால் வெளிப்பரப்பில் கரண்ட் இருக்கிறது. அனலைசரைப் பேட்டரியில் ஓட்டுங்கள். யுஎஸ்பி சார்ஜரில் மாட்டியிருந்தால் சார்ஜர் வயரும் ஆன்டெனாவின் பகுதி ஆகிவிடும்.

2. இரண்டு மீட்டர் நீளமுள்ள 50 ஓம் கேபிள் துண்டு ஒன்றை இடையில் சேருங்கள். எஸ்டபிள்யூஆர் கிட்டத்தட்ட மாறாமல் இருக்க வேண்டும். 1.3 இருந்தது 1.8 ஆனால் சந்தேகம் உறுதி.

3. வெளிப்புறக் கரண்டையே அளப்பது. இதுதான் கடைசி வார்த்தை. கருவியை நீங்களே செய்யலாம்.

கருவிக்குத் தேவை: கேபிள் மேல் கவ்வும் கிளிப் ஃபெரைட் (இரண்டு பாதியாகத் திறக்கும் காந்தப் பீங்கான் வளையம்) ஒன்று, உள்துளை 10 முதல் 13 மில்லிமீட்டர். ஒரு பாதியில் எனாமல் கம்பியை 10 சுற்றுச் சுற்றுங்கள். சுற்றின் இரு முனைக்குக் குறுக்கே 51 ஓம் கார்பன் ரெசிஸ்டர். அங்கிருந்து 1என்34ஏ ஜெர்மேனியம் டயோடு அல்லது சிறிய சிக்னல் ஷாட்கி டயோடு ஒன்று, அதன் பின் 0.01 மைக்ரோஃபாரட் டிஸ்க் கெபாசிட்டர். கெபாசிட்டருக்குக் குறுக்கே டிஜிட்டல் மல்டிமீட்டரை டிசி வோல்டில் வைத்துப் படிக்கலாம். மல்டிமீட்டர் லீடுகளே ஆர்எஃப்பை வாங்கிக்கொள்ளும் என்பதால் அவற்றை முறுக்கிக் குட்டையாக வையுங்கள். இன்னும் நம்பகமாக வேண்டுமென்றால் 10 கிலோஓம் பிரீசெட்டும் 100 மைக்ரோஆம்பியர் முள் மீட்டரும் போட்டுச் சிறு பெட்டியில் அடைத்துவிடுங்கள்.

கேபிளில் 100 மில்லிஆம்பியர் காமன் மோட் ஓடினால், 10 சுற்றில் அது 10 மில்லிஆம்பியர் ஆகும், 51 ஓமில் அரை வோல்ட். கருவி கேபிளில் சேர்க்கும் தடை அரை ஓம்தான், அதனால் அளக்கப் போன இடத்தில் அளவு மாறிவிடாது. அளவீடு செய்ய, ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் ரெசிஸ்டரான டம்மி லோடுக்குப் போகும் நடுக்கம்பியை மட்டும் கிளிப்புக்குள் விட்டு 5 வாட் அனுப்புங்கள். அங்கே ஓடுவது 0.316 ஆம்பியர். மீட்டர் காட்டும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

50 வாட் அனுப்பும்போது 50 ஓம் ஆன்டெனாவில் ஓடும் கரண்ட் 1 ஆம்பியர். கேபிளின் வெளியே 100 மில்லிஆம்பியர் என்றால் 20 டெசிபெல் கீழே, வேலை அவசியம். 10 மில்லிஆம்பியருக்குக் கீழே இருந்தால் அடுத்த சிக்கலைப் பார்க்கப் போகலாம். ஒரே இடத்தில் அளந்து முடிவு கட்டாதீர்கள். வெளிப்பரப்பில் நிலை அலை நிற்கும். ஒரு இடத்தில் பூஜ்யம் காட்டும் கேபிள் கால் அலை தள்ளி உச்சத்தைக் காட்டும். ஆன்டெனாவிலிருந்து அறை வரை, மீட்டருக்கு ஒருமுறை கவ்வி அளவுகளை எழுதிக்கொண்டே வாருங்கள். சோக் போட்ட பிறகு ஒப்பிடுவதற்கும் அந்தத் தாள்தான் உதவும்.

எவ்வளவு தடை வேண்டும், எந்த மாதிரித் தடை

ட்யூப்லைட் சோக் எல்லோருக்கும் தெரியும். ஏசிக்குத் தடை போடும் சுருள். இங்கேயும் சோக்தான், ஆனால் கேபிளை முழுசாக ஒரு ஃபெரைட் கோரின் மேல் சுற்றுகிறோம். உள்ளே போய்வரும் கரண்டுகள் சமமாக எதிர்த்திசையில் இருப்பதால் கோரில் அவற்றின் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துவிடும். சிக்னலுக்குச் சோக் இருப்பதே தெரியாது. வெளிப்பரப்புக் கரண்டுக்கு ஜோடி இல்லை. அது மட்டும் மாட்டிக்கொள்ளும்.

50 ஓமின் பத்து மடங்கு, அதாவது 500 ஓம் போதும் என்று பல இடத்தில் படிப்பீர்கள். அது போதாது, இரண்டு காரணம். முதலாவது ரிசீவர் இரைச்சல்: அதை அடக்க ஆயிரக்கணக்கில் ஓம் வேண்டும். இரண்டாவது சூடு. 400 வாட்டில் 50 ஓம் டைபோலின் நடுவே 141 வோல்ட் இருக்கும்; சமநிலையான டைபோலில் அதில் பாதி, சுமார் 71 வோல்ட், சோக்கின் மேல் விழுவதாக வையுங்கள். சோக் 500 ஓம் என்றால் அதில் எரிவது 10 வாட். 5000 ஓம் என்றால் 1 வாட். தடை கூடக் கூடச் சூடு குறைகிறது. புதியவர்கள் சோக் சூடானால் சுற்றைக் குறைக்கப் பார்ப்பார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர்.

குறைந்தது 2000 ஓம் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் 5000. அது ரெசிஸ்டிவ் தடையாக இருப்பது முக்கியம். வெறும் இண்டக்டிவ் தடை என்றால், கேபிளின் வெளிப்பரப்பு அந்த அலைவரிசையில் கெபாசிட்டிவாக இருக்கும்போது இரண்டும் கழித்துக்கொண்டு, சோக் போட்டதற்கு முன்பைவிட அதிகக் கரண்ட் ஓடவும் கூடும். ரெசிஸ்டன்ஸை எதுவும் கழிக்க முடியாது.

பிவிசி குழாயில் கேபிளைச் சுற்றும் காற்றுச் சோக்கின் குறை இதுதான். 11 சென்டிமீட்டர் குழாயில் 6 மீட்டர் கேபிளை ஒரே அடுக்காகச் சுற்றினால் 16 சுற்று வரும். ஒரு குறுகிய அலைவரிசைப் பகுதியில் அருமையாக இருக்கும். அதற்குக் கீழே இண்டக்டிவ், மேலே கெபாசிட்டிவ். ஒரே பேண்ட் ஆன்டெனாவுக்கு, கையில் காசு இல்லாதபோது, சரி. சுருளை வளையமாகச் சேர்த்து டேப் ஒட்டிவிட்டால் சுற்றுகளுக்கிடையே கெபாசிட்டன்ஸ் ஏறி அதுவும் கெட்டுப்போகும்.

கோர் தேர்வு

எச்எஃப்புக்கு (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) எஃப்டி240 அளவு டொராய்டு (வளைய வடிவ ஃபெரைட் கோர்) வசதி: வெளிவிட்டம் 61, உள்விட்டம் 35.5, தடிமன் 12.7 மில்லிமீட்டர். எந்தக் கலவை என்பதுதான் விஷயம்.

மிக்ஸ் 31, ஆரம்பப் பெர்மியபிலிட்டி (காந்தப்புலத்தைத் தன்னுள் சேர்க்கும் திறன்) 1500. 3.5 முதல் 14 மெகாஹெர்ட்ஸ் வரை முதல் தேர்வு. ஃபேர்-ரைட் நிறுவனத்தின் பாக எண் 2631803802. ஆர்டர் போடும்போது இந்த எண்ணைக் கேட்பது பாதுகாப்பு. மிக்ஸ் 43, பெர்மியபிலிட்டி 800. 7 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே நன்றாகச் செய்யும். மிக்ஸ் 52, 250. 14 முதல் 30 வரை. மிக்ஸ் 61, 125. அது இழப்புக் குறைந்த பொருள், டிரான்ஸ்ஃபார்மருக்கு நல்லது, எச்எஃப் சோக்குக்கு அல்ல.

சிவப்பு நிற டி200-2, கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து எடுத்த மஞ்சள் வெள்ளைக் கோர் ஆகியவை இரும்புத்தூள் கோர்கள். இவற்றில் சோக் சுற்றாதீர்கள். பெர்மியபிலிட்டி மிகக் குறைவு. பழைய மானிட்டர் கேபிளில் உருண்டையாக இருக்கும் ஃபெரைட் வேலை செய்யும், ஆனால் என்ன கலவை என்று பார்வையில் தெரியாது. சுற்றி அளந்த பிறகே நம்புங்கள்.

கேபிளை ஒரே ஒருமுறை கவ்வும் கிளிப் ஃபெரைட் ஒன்றை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்பவர்கள் பலர். 7 மெகாஹெர்ட்ஸில் அப்படி ஒன்று தருவது சில பத்து ஓம்தான். சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பத் தடை கூடும். அதே கிளிப்புக்குள் கேபிள் நான்குமுறை போனால் ஏறத்தாழ 16 மடங்கு. அல்லது மணிமாலை மாதிரி நிறைய கோர்க்க வேண்டும். டபிள்யூ2டியூ என்ற அழைப்புக்குறி கொண்ட வால்ட்டர் மேக்ஸ்வெல் 1983-ல் வெளியிட்ட வடிவத்தில், மெல்லிய டெஃப்லான் கேபிள் மேல் மிக்ஸ் 73 மணிகள் 50 இருக்கின்றன. ஒன்று அல்ல, ஐம்பது.

சுற்றும் முறை

ஒரு சோக்குக்கு வேண்டியவை: எஃப்டி240-31 கோர் 1, கேபிள் 1.4 மீட்டர், எஸ்ஓ-239 சாக்கெட் 2, மின்சாதனக் கடையில் கிடைக்கும் 15 சென்டிமீட்டர் பிவிசி ஜங்ஷன் பாக்ஸ், கறுப்பு கேபிள் டை 4. கறுப்பு என்று சொல்வது அழகுக்காக அல்ல. வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் நொறுங்கிவிடும்.

கேபிளுக்கு ஆர்ஜி-400 சிறந்தது. 100 வாட் வரை ஆர்ஜி-316 போதும். ஆர்ஜி-58 போடலாம், ஆனால் உள்ளே கெட்டியான பாலிஎத்திலீன் இருக்கும் வகை மட்டும். நுரை இன்சுலேஷன் உள்ள கேபிளை இப்படி நெருக்கி வளைத்தால் நடுக்கம்பி மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து, ஒரு கோடை முடிந்த பின் பின்னலைத் தொடும். தடித்த ஆர்ஜி-213-ஐ இந்தக் கோரில் சுற்றப் பார்க்காதீர்கள். வளையாது, வளைத்தால் கெடும்.

1. கோரின் ஒரு முகத்தில் சாக்பீஸால் "முன்" என்று குறியிடுங்கள். கேபிளின் ஒரு முனையில் 20 சென்டிமீட்டர் விட்டு, முதல் சுற்றை டையால் கோரோடு கட்டுங்கள்.

2. கேபிள் எப்போதும் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக மட்டுமே துளைக்குள் போக வேண்டும். துளைக்குள் ஒருமுறை போனால் ஒரு சுற்று. வெளியே எத்தனை வளைவு தெரிகிறது என்று எண்ணாதீர்கள், துளைக்குள் எண்ணுங்கள்.

3. இறுக்கி மூலையில் மடக்காமல் கொஞ்சம் தளர்வாகச் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு சுமார் 7 சென்டிமீட்டர் கேபிள் பிடிக்கும்.

4. பாதி சுற்று முடிந்ததும், கேபிளைத் துளையின் குறுக்காக எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோய் மீதிப் பாதியைச் சுற்றலாம். டபிள்யூ1ஜேஆர் ஜோ ரைசர்ட் பிரபலப்படுத்திய முறை இது. இதனால் தடை பெரிதாகக் கூடிவிடாது. நுழையும் முனையும் வெளியேறும் முனையும் எதிரெதிரே வந்து பெட்டியில் வைக்க வசதி, அவ்வளவுதான். குறுக்கே போகும் அந்தப் பாய்ச்சலும் முன்னிருந்து பின் போக வேண்டும். திசை தவறினால் இரண்டு பாதியும் ஒன்றையொன்று அழித்துவிடும். பார்க்க அழகான, எதற்கும் உதவாத சோக் கிடைக்கும்.

5. கடைசிச் சுற்றை டையால் கட்டி முனைகளைச் சாக்கெட்டில் சால்டர் செய்யுங்கள். பின்னலை முறுக்கி நீட்டாமல், குட்டையாக, அரை அங்குலத்துக்குள் முடியுங்கள்.

எத்தனை சுற்று? தொடக்க எண்ணாக, மிக்ஸ் 31 ஒற்றைக் கோரில் 80 மீட்டருக்கு 16, 40 மீட்டருக்கு 14, 20 மீட்டருக்கு 12, 15 மற்றும் 10 மீட்டருக்கு 9 அல்லது 10. சுற்று கூடினால் தடையின் உச்சம் கீழ் அலைவரிசைக்கு நகரும், ஏனென்றால் சுற்றுகளுக்கிடையே உள்ள கெபாசிட்டன்ஸும் கூடுகிறது. அதனால்தான் 80-க்கு அருமையான சோக் 10 மீட்டரில் சோம்பிக் கிடக்கும். எல்லா பேண்டும் வேண்டுமா? ஒரே கோரில் சுற்றைக் கூட்டாதீர்கள். 14 சுற்றில் ஒரு சோக், 9 சுற்றில் ஒரு சோக், இரண்டையும் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தொடராகப் போடுங்கள்.

பெட்டி பிவிசியாகவே இருக்க வேண்டும். கனமாக இருக்கட்டுமே என்று அலுமினியப் பெட்டியில் இரண்டு எஸ்ஓ-239-ஐயும் திருகினால், பெட்டியின் உடலே இரு முனைப் பின்னலையும் இணைத்துவிடும். கரண்ட் சோக்கைச் சீண்டாமல் பெட்டி வழியே போய்விடும். அனுபவசாலிகளே இதில் விழுவதுண்டு. மல்டிமீட்டரும் காட்டிக்கொடுக்காது, டிசியில் பின்னல் எப்படியும் இணைந்துதானே இருக்கிறது. இதன் சின்ன வடிவம்: நுழையும் கேபிளையும் வெளியேறும் கேபிளையும் அழகாகச் சேர்த்து ஒரே டையில் கட்டுவது. அதுவும் கெபாசிட்டன்ஸ் வழியாகச் சோக்கைத் தாண்டிப்போகும் குறுக்குவழி.

நானோவிஎன்ஏவில் அளப்பது

கையடக்க அளவுக் கருவியான நானோவிஎன்ஏவை 1 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை வைத்து, வழக்கம்போல் அளவீடு செய்துகொள்ளுங்கள். போர்ட் 1-ன் நடுமுனையைச் சோக்கின் ஒரு முனைப் பின்னலோடும், போர்ட் 2-ன் நடுமுனையை மறுமுனைப் பின்னலோடும் சேருங்கள். சோக்கின் நடுக்கம்பிகளை அப்படியே விட்டுவிடலாம். போர்ட்களின் கிரவுண்டு சோக்கில் எங்கும் சேரக் கூடாது. இரண்டு போர்ட்டின் கிரவுண்டையும் தங்களுக்குள் குட்டையான கம்பியால் இணையுங்கள். இணைப்புக் கம்பிகள் சில சென்டிமீட்டரில் இருக்கட்டும். சோக்கைக் கையில் பிடிக்காமல் மரத்துண்டு மேல் வையுங்கள். மீண்டும் மீண்டும் தவறு வருவது இங்கேதான்: 1 பைக்கோஃபாரட் தவறான கெபாசிட்டன்ஸ் 28 மெகாஹெர்ட்ஸில் 5700 ஓம், அதுவே நீங்கள் அளக்க நினைக்கும் அளவு.

எஸ்21 (போர்ட் 1-லிருந்து போர்ட் 2-க்குப் போய்ச்சேரும் அளவு) எண்ணைப் படியுங்கள். மைனஸ் 15.6 டெசிபெல் என்றால் 500 ஓம், மைனஸ் 20.8 என்றால் 1000, மைனஸ் 26.4 என்றால் 2000, மைனஸ் 34.2 என்றால் 5000. தடை ரெசிஸ்டிவாக இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு இது. தடை முழுக்க ரெசிஸ்டிவாக இல்லாவிட்டாலும், ஆயிரம் ஓமுக்கு மேல் போய்விட்டால் பிழை மிகச் சொற்பம். எஸ்11-ஐ (போர்ட் 1-க்கே திரும்பும் அளவு) வைத்து ஆயிரக்கணக்கான ஓமை அளக்கப் பார்க்காதீர்கள், அந்தப் பகுதியில் அதன் துல்லியம் மோசம்.

பிறகு சோக்கின் ஒரு முனையில் டம்மி லோடை மாட்டி மறுமுனையில் எஸ்டபிள்யூஆர் பாருங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் 1.1-க்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் சால்டர் கோளாறு அல்லது கேபிள் நசுங்கியிருக்கிறது.

கடையில் வாங்கிய 1:1 பேலனையும் (சமநிலை ஆன்டெனாவைக் கோஆக்ஸோடு சேர்க்கும் பெட்டி) இதே முறையில் அளக்கலாம். அளப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை: எதையும் மாட்டாமல், நடுமுனைக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஷார்ட் காட்டினால் அது பெரும்பாலும் வோல்டேஜ் பேலன். அது இரு கைகளுக்கும் சம வோல்ட்டைத் தர முயலும், சமக் கரண்டை அல்ல; நிஜ ஆன்டெனாவில் இரு கையும் ஒருபோதும் சமமாக இருக்காது என்பதால் மிச்சம் கேபிளின் வெளியே வழியும். நமக்கு வேண்டியது கரண்ட் பேலன். இந்த வேறுபாடு பழையது: 1944-ல் குவனெல்லா கொடுத்தது கரண்ட் வகை, 1959-ல் ரத்ராஃப் கொடுத்த 4:1 வோல்டேஜ் வகை. பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் எதையும் சொல்லாது.

எங்கே போடுவது

டைபோல், இன்வெர்ட்டெட் வி, யாகி: ஆன்டெனாவின் ஊட்டுமுனையிலேயே (கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடம்). சோக்குக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே கேபிள் துண்டு தொங்கினால் அதுவும் ஆன்டெனா. கோர் கனமானது என்பதால் நடு இன்சுலேட்டரிலிருந்து நைலான் கயிற்றில் பெட்டியைக் கட்டுங்கள். சாக்கெட்டில் எடை தொங்கக் கூடாது.

கேபிளைக் கொண்டுவரும் வழியும் சோக் அளவுக்கு முக்கியம். ஊட்டுமுனையிலிருந்து கால் அலை தூரமாவது டைபோலுக்குச் செங்குத்தாக இறக்குங்கள். இடம் இல்லை என்று ஒரு கையின் அடியில் இணையாக ஓட்டினால், அந்தக் கை கேபிளின் வெளிப்பரப்பில் நேரடியாகக் கரண்டைத் தூண்டும். மேலே இருக்கும் சோக் அதைப் பார்க்கவே முடியாது. வேறு வழியே இல்லையென்றால் கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் இரண்டாவது சோக். ரிசீவர் இரைச்சல்தான் உங்கள் குறை என்றாலும் இந்த இரண்டாவது சோக் நல்ல பலன் தரும். ஒப்பிட, ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் போட்டு, வீட்டு மெயினை அணைத்து, எஸ் மீட்டரைப் பாருங்கள். மெயினைப் போட்டபின் ஏறும் இரைச்சலில் சோக் எவ்வளவைத் தின்கிறது என்று தெரிந்துவிடும்.

உயர்த்திக் கட்டிய ரேடியல் (அடியிலிருந்து பரவும் கம்பிகள்) உள்ள வெர்ட்டிக்கலுக்கு, அதாவது செங்குத்து ஆன்டெனாவுக்கு, அடிப்புள்ளியில் போடுங்கள். 144 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவுக்குப் பெரிய டொராய்டு தேவையில்லை. ஊட்டுமுனையில் கேபிள் மேல் நெருக்கமாக நான்கைந்து மிக்ஸ் 43 மணிகள்.

மையம் விலகிய டைபோலும் எண்ட் ஃபெட்டும் (ஒரு முனையில் ஊட்டும் கம்பி ஆன்டெனா) வேறு ரகம். இவை பிறவியிலேயே சமநிலை இல்லாதவை, சோக்கின் மேல் விழும் வோல்ட் பல மடங்கு. மையம் விலகிய டைபோலில் 4:1 பேலனுக்குக் கீழே தனியாக ஒரு 1:1 சோக் கட்டாயம். 100 வாட்டிலும் ஒற்றைக் கோர் சூடாகலாம், இரண்டாகப் போடுங்கள்.

எண்ட் ஃபெட் அரை அலையில் இன்னொரு வம்பு. அதை ஊட்டும் 49:1 டிரான்ஸ்ஃபார்மருக்குக் கரண்ட் திரும்பும் வழி ஒன்று வேண்டும். தனிக் கம்பி எதுவும் இல்லையென்றால் கேபிளின் வெளிப்பரப்புதான் அந்த வழி. டிரான்ஸ்ஃபார்மரின் வாயிலேயே சோக் போட்டால் அந்த வழியை அடைத்துவிடுகிறோம். எஸ்டபிள்யூஆர் தாறுமாறாகும், சோக் கொதிக்கும். ஒரே பேண்டுக்கு என்றால் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 0.05 அலைநீளம் தள்ளி, 40 மீட்டரில் 2 மீட்டர் தள்ளிப் போடுங்கள். பல பேண்டு ஆன்டெனாவில் அந்த 2 மீட்டர் 28 மெகாஹெர்ட்ஸில் கால் அலைக்கு அருகே வந்து நன்றாகவே கதிர்வீசும். அப்போது கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் சோக்கை வைத்துவிட்டு, வெளியே இருக்கும் கேபிளை ஆன்டெனாவின் பகுதியாக ஏற்றுக்கொள்வதுதான் நடைமுறை. கைக்கு எட்டாத உயரத்தில் அந்தக் கேபிளை ஓட்டுங்கள்.

வேலை முடிந்த பின்

மீட்டருக்கு மீட்டர் எழுதிய தாளை எடுத்து, அதே இடங்களில் அதே பவரில் மறுபடி அளங்கள். பத்தில் ஒரு பங்காகவாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் சோக் அந்த பேண்டில் பலவீனம், அல்லது அதற்குக் கீழே எங்கோ கேபிள் ஆன்டெனாவிலிருந்து கரண்டை வாங்குகிறது. ஊட்டுமுனை அருகே குறைந்து, அறையின் பக்கம் குறையாமல் இருந்தால் இரண்டாவது காரணம்தான்.

சூட்டுச் சோதனைக்கு எஃப்டி8 நல்லது. 15 நொடியில் 12.6 நொடி முழுப் பவர் போகும். வழக்கமான பவரில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். டிரான்ஸ்மிட்டை நிறுத்திவிட்டு, நிறுத்தியது உறுதியான பிறகே, கோரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் இன்னொரு சோக் சேருங்கள். மிக்ஸ் 31, 43 இரண்டுக்கும் 130 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே கியூரி வெப்பநிலை வருகிறது. அதைத் தாண்டினால் ஃபெரைட் காந்தத்தன்மையை இழக்கும், தடை விழும், கரண்ட் பாயும், கேபிளின் இன்சுலேஷன் உருகும். பேசிக்கொண்டிருக்கும்போது எஸ்டபிள்யூஆர் மெல்ல ஏறிக்கொண்டே போய், சற்று ஓய்வு கொடுத்தால் பழைய நிலைக்கு வருகிறதா? அது இந்தக் கட்டத்தின் முன்னறிகுறி.

சோக் இடி மின்னலுக்குப் பாதுகாப்பு அல்ல, எர்த்துக்கு மாற்றும் அல்ல. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பின்னலை எர்த் செய்வதும் மின்னல் அரெஸ்டரும் தனி வேலைகள்; சோக் இருக்கிறது என்று அவற்றை விடக் கூடாது.

பெட்டியின் அடியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள், மூடிவிடாதீர்கள். முழுக்க அடைத்த பெட்டிக்குள் இரவில் ஈரம் வேர்த்து வெளியேற வழியில்லாமல் தேங்கும். சாக்கெட் இணைப்புகள் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், அப்போதுதான் ஓட்டின் அடுக்கு போல மழைநீர் வழியும். அதன் மேல் சாதாரணக் கறுப்பு டேப் ஒரு அடுக்கு. கடற்கரை ஊர் என்றால் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பின்னல் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் அந்த 1.4 மீட்டர் கேபிளை மாற்றுங்கள். கோர் அப்படியே இருக்கட்டும், அதற்கு வயசாகாது.